புள்ளிக்குப் பின்னால் வந்த வினை

எம்.ஏ. பொருளாதாரத்தில் நான் வாங்கியது 54.8 சதவீதம். கல்லூரியில் வாத்தியாராக வேண்டுமானால் முதுகலையில் 55 வேண்டும் என்பது யுஜிசி விதி. புள்ளி இரண்டுதானே, 55 என்றே வைத்துக்கொள்ளலாம் என்று என்னைப் போன்ற ஆசாமிகள் வந்து நிற்பார்கள் என்பது விதி எழுதியவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. நெட் தேர்வு அறிவிக்கையை எடுத்துப் பாருங்கள். 55 என்ற எண்ணுக்குப் பக்கத்திலேயே அடைப்புக்குறி போட்டு, 'முழு எண்ணாக்காமல்' என்று இருக்கும். கருணை மதிப்பெண்ணைச் சேர்க்கக் கூடாது என்று விதிமுறையில் இன்னொரு இடத்தில் இருக்கும். என் பேராசிரியர் வாழ்க்கை அந்த அடைப்புக்குறிக்குள் ஆரம்பித்து அங்கேயே முடிந்தது.

நாட்டில் மற்ற எல்லாரும் தாராளமாகத்தான் இருக்கிறார்கள். மளிகைக்கடையில் 54 ரூபாய் 80 காசு என்று பில் வந்தால் அண்ணாச்சி 55 எடுத்துக்கொள்கிறார். ஆட்டோக்காரர் அதையே 100 ஆக்குகிறார். மதிப்பெண் என்று வந்தால்தான் புள்ளிக்குப் பின்னால் இருப்பதற்கு இத்தனை மரியாதை.

சரி, போகட்டும் என்று நான் தேர்வாணையப் பரீட்சை எழுதி, ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, ஃபைல்களுக்கு நடுவே அமைதியாக வாழ்ந்திருப்பேன். அப்படி வாழவிடாமல் எங்கள் வீட்டிலேயே ஒரு பேராசிரியர் இருந்தார். என் சொந்த அண்ணன். தமிழ் எம்.ஏ., 1989ஆம் வருஷம், 51 சதவீதம்.

நான் தப்பாக எழுதவில்லை. ஐம்பத்தொன்றுதான். அதே யுஜிசி விதியில் ஒரு சலுகை உண்டு. 1991 செப்டம்பர் 19க்கு முன்னால் முதுகலை முடித்து, பிறகு முனைவர் பட்டமும் வாங்கியவர்களுக்கு 55 தேவையில்லை, 50 போதும். அந்தத் தேதியில்தான் யுஜிசியின் 1991 விதிமுறைகள் வெளியாயின. அதற்கு முன்னால் படித்தவர்கள் மேல் அதைச் சுமத்தக் கூடாது என்பது நியாயமான யோசனைதான். என் வயிற்றெரிச்சலைத் தவிர அதற்கு எதிராக என்னிடம் வேறு வாதம் எதுவும் இல்லை. நான் எம்.ஏ. முடித்தது 1993. அண்ணனைவிட 3.8 சதவீதம் அதிகம் வாங்கிவிட்டு, அவர் கல்லூரிக்குப் போட்டுக்கொண்டு போகும் சட்டையை நான் இஸ்திரிக்குக் கொடுத்துவிட்டு வருவேன்.

"அந்தக் காலத்து 51ன்னா இந்தக் காலத்து 80க்குச் சமம்டா" என்பார் அண்ணன். இதில் உண்மை இல்லாமல் இல்லை. அன்றைய தமிழ்ப் பேராசிரியர்கள் நூற்றுக்கு அறுபது போட்டால் தங்கள் சொத்தில் பங்கு எழுதி வைத்த மாதிரி வருத்தப்படுவார்கள். அவர்கள் திருத்திய தாளில் 51 எடுப்பது சாதனைதான். ஆனால் இதை நான் அண்ணன் முன்னால் ஒப்புக்கொள்வதாக இல்லை.

காலம் மாறியது. ஓபிசி பிரிவினருக்கும் கிரீமி லேயர் இல்லையென்றால் நெட் எழுத 50 போதும் என்று ஆகிவிட்டது. உதவிப் பேராசிரியர் தகுதிக்கு நெட் எழுத வயது வரம்பும் கிடையாது. ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகைக்குத்தான் வரம்பு. ஆக, நான் பென்ஷன் வாங்கிக்கொண்டே கூட நெட் எழுதலாம். ஒருநாள் இதைச் சாப்பிடும்போது சொன்னேன். "தாராளமா எழுதுங்க. முதல்ல அந்த ரேஷன் கார்டுல பேர் திருத்த அப்ளிகேஷன் எழுதுங்க" என்றாள் மனைவி. அதோடு உயர்கல்வி பற்றிய பேச்சு எங்கள் வீட்டில் ஓய்ந்தது என்றுதான் நினைத்தேன். அண்ணன் மகள் இன்ஜினீயரிங் முடித்துவிட்டு ஜெர்மனியில் எம்.எஸ். படிக்கப் போகிறேன் என்றாள்.

அண்ணன் என்னைக் கூப்பிட்டுவிட்டார். "எனக்குக் கணக்கு ஆகாது. நீதான் பொருளாதாரம் படிச்சவன், இதெல்லாம் என்னன்னு பாரு" என்றார். முப்பது வருஷமாக என் பட்டத்தை அவர் மதித்துப் பேசிய ஒரே சந்தர்ப்பம் அது. நானும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதலில் பிள்ளை என்ன மார்க் என்று தெரிய வேண்டும் அல்லவா? "7.9 சித்தப்பா" என்றாள். அது எத்தனை சதவீதம் என்று கேட்டேன். அங்கேதான் தொல்லை ஆரம்பித்தது. சிஜிபிஏவைப் பத்தால் பெருக்கினால் சதவீதம் என்று பல இடங்களில் எழுதிக் கொடுக்கிறார்கள். அதன்படி 79. ஏஐசிடிஇ ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் 6.25க்கு 55 சதவீதம், 6.75க்கு 60, 7.75க்கு 70. அந்தக் கணக்குப்படி போனால் இவளுக்கு 71.5. சிபிஎஸ்இ பத்தாம் வகுப்புக்கு வைத்திருந்த 9.5ஆல் பெருக்கினால் 75 சொச்சம். ஒரே பெண், ஒரே நான்கு வருஷம், ஒரே ஹாஸ்டல் சாம்பார். மார்க் மட்டும் மூன்று. அண்ணன் உறவுக்காரர்களிடம் 79 என்று சொல்லிவந்தார். அண்ணி, கண் பட்டுவிடக் கூடாது என்று 71 என்று சொல்லிவந்தார்.

இந்த 7.9 எப்படி வந்தது என்று மார்க் ஷீட்டைப் பார்த்தால் இன்னும் விசேஷம். 71லிருந்து 80 வரை வாங்கிய எல்லாருக்கும் 'ஏ', எட்டு பாயின்ட். 81 வாங்கினால் 'ஏ பிளஸ்', ஒன்பது. விடிய விடியப் படித்து 80 வாங்கிய பெண்ணும், தேர்வுக்கு முந்தின நாள் ஜெராக்ஸ் கடையில் நோட்ஸ் வாங்கிப் படித்து 71 எடுத்த பையனும் சமம். இவளுக்கு மூன்று பாடங்களில் சரியாக 80. நான் ஒன்றும் சொல்லவில்லை. புள்ளிக்குப் பின்னால் அடிபட்டவனுக்கு ஒரு முழு மார்க்கில் அடிபட்டவர்களைப் பார்த்து ஆறுதல் சொல்ல வாய் வராது.

ஜெர்மனியில் மார்க் தலைகீழ். 1.0 என்றால் உச்சம். 4.0 கடைசிப் பாஸ். 5.0 ஃபெயில். இதை அம்மாவுக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு பெரிது. "நாலு வாங்குனவன் பாஸு, அஞ்சு வாங்குனவன் ஃபெயிலா? அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு உங்கப்பாவை அனுப்பியிருந்தா தங்க மெடல் வாங்கியிருப்பாரு" என்றார் அம்மா. அப்பா படத்தில் மாலையோடு சிரித்துக்கொண்டிருந்தார்.

நம் மார்க்கை அவர்கள் மார்க்காக மாற்ற 'மாடிஃபைடு பவேரியன் ஃபார்முலா' என்று ஒன்று இருக்கிறது. ஐரோப்பாவுக்குப் பிள்ளையை அனுப்பிய தமிழ்க் குடும்பங்களில் பெற்றோருக்குக் கந்தசஷ்டி கவசத்துக்கு அடுத்தபடி மனப்பாடமாக இருப்பது இதுதான். உச்ச மதிப்பெண்ணிலிருந்து நாம் வாங்கியதைக் கழியுங்கள். அதே உச்சத்திலிருந்து பாஸ் மார்க்கைக் கழியுங்கள். முதலில் வந்ததை இரண்டாவதாக வந்ததால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்டுங்கள். உச்சமே வாங்கியிருந்தால் விடை 1. பாஸ் மார்க்கில் தொங்கிக்கொண்டு தேறியிருந்தால் விடை 4. இடையில் உள்ள எல்லாரும் இடையில்.

எளிமையான சூத்திரம். ஆனால் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தேன். எனக்கு வியர்த்துவிட்டது. காரணம், அதில் நாம் வாங்கிய மார்க்குக்கு எவ்வளவு அதிகாரமோ அதே அளவு அதிகாரம் பாஸ் மார்க்குக்கும் இருக்கிறது. ஒரு பையன் நூற்றுக்கு 60 வாங்கியிருக்கிறான். நம் ஊரில் ஃபர்ஸ்ட் கிளாஸ், ஸ்வீட் வாங்கிக் கொடுக்கும் மார்க். அவன் படித்த இடத்தில் 50 எடுத்தால்தான் பாஸ் என்றால் ஜெர்மனியில் அவனுக்கு 3.4. பாஸ் மார்க் 40 என்றால் 3.0. பத்தாம் வகுப்பு மாதிரி 35 என்று வைத்திருந்தால் 2.8. பையன் அதே பையன், விடைத்தாள் அதே விடைத்தாள். ஃபெயில் ஆவது கஷ்டமான பல்கலைக்கழகத்தில் படித்தவனுக்கு நல்ல மார்க். கண்டிப்பான இடத்தில் படித்தவனுக்கு அபராதம்.

நாம் பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கும்போது எதையெல்லாம் விசாரிக்கிறோம்! பிளேஸ்மென்ட் எப்படி, ஹாஸ்டலில் தயிர் உண்டா, பஸ் எந்தப் பக்கம் வருகிறது, நம்ம ஊர்ப் பையன் யாராவது படிக்கிறானா. பாஸ் மார்க் எவ்வளவு என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்டால் பிள்ளையைப் பற்றித் தப்பாக நினைப்பார்கள்.

அன்றிரவே என் பழைய மார்க் ஷீட்டையும் எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்கள் எம்.ஏ.வில் பாஸ் மார்க் 50. எனக்கு 3.7 வந்தது. அண்ணனுக்கு 3.9. ஜெர்மானியக் கணக்கில் நாங்கள் இருவரும் ஒரே வகுப்பு, மேலே தேறியவர்கள் காலடியில். இதை அவரிடம் சொல்ல வேண்டும் என்று மனம் துடித்தது. பேராசிரியர் ஓய்வு பெற்ற வருஷம் அது, பாவம் என்று விட்டுவிட்டேன். ஏற்கெனவே அவர் நொந்திருந்தார். 2022 நவம்பரில் வந்த யுஜிசியின் பிஎச்.டி. விதிமுறைகள் எம்.ஃபில். படிப்பையே எடுத்துவிட்டன. அண்ணன் தன் எம்.ஃபில். பட்டத்தைச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டியிருந்தார். போதாததற்கு அதே விதியில், நான்கு வருஷ இளங்கலையில் 75 சதவீதம் வாங்கியவர் முதுகலையே படிக்காமல் நேரே பிஎச்.டி.யில் சேரலாம் என்றும் இருந்தது. நான் 0.2ல் விட்டது, அவர் ஒரு சதவீதத்தில் பிடித்தது, எல்லாமே இனி வேண்டாத படி. அந்தச் செய்தி வந்த பேப்பரை நான் இரண்டாவது முறை படித்தபோது அண்ணன் எழுந்து போய்விட்டார்.

சரி, மருமகள் ஆகப்போகிற வயதில் எம்.எஸ். ஆகப்போகிறவள் கதைக்கு வருகிறேன். அவள் விரும்பிய படிப்புக்கு ஜெர்மன் கணக்கில் 2.5 அல்லது அதைவிடச் சிறந்த மார்க் வேண்டும். பல இடங்களில் இந்த 2.5தான் கோடு. பத்துக்கு 7.9. பாஸ் எவ்வளவு? அவளுடைய பல்கலைக்கழகத்தில் 50 எடுத்தால் பாஸ். அந்த 50க்குக் கொடுக்கும் கிரேடு 'பி', ஆறு பாயின்ட். இப்போது பாஸ் மார்க் ஐந்தா, ஆறா? நூற்றுக்கு ஐம்பது என்றால் பத்துக்கு ஐந்து என்று நியாயம் பேசினால் 2.26 வரும், ஆனந்தம். ஆறு பாயின்ட் என்று அச்சடித்திருப்பதைப் பார்த்தால் 2.575. கோட்டுக்கு அந்தப் பக்கம்.

நானும் அவளும் கல்லூரி அலுவலகத்துக்குப் போனோம். பாஸ் மார்க் நூற்றுக்கு ஐம்பது என்று லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் கிடைத்தால் போதும் என்பது எங்கள் திட்டம். கண்காணிப்பாளர் மேஜையில் மார்க் ஷீட் கட்டுகள், ரப்பர் பேண்டு போட்ட டி.சி. புத்தகம், மை காய்ந்துபோன ஸ்டாம்பு பேடு. ஸ்டாம்பு பேடில் அவர் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"சார், பாஸ் மார்க் அம்பதுன்னு ஒரு லெட்டர் வேணும்."

"பாப்பா ஃபெயிலா?"

"இல்ல சார், ஃபர்ஸ்ட் கிளாஸ்."

"அப்புறம் எதுக்குப் பாஸ் மார்க்கு?"

விளக்கினேன். உச்சம், கழித்தல், வகுத்தல், மூன்றால் பெருக்கல். பக்கத்து மேஜை அம்மாவும் எழுந்து வந்து கேட்டார். முடிவில் கண்காணிப்பாளர் ரப்பர் ஸ்டாம்பைக் கீழே வைத்தார். "இருபத்தாறு வருஷமா இந்தச் சீட்ல இருக்கேன் சார். மார்க்கை ஏத்திக் கொடுங்கன்னு வருவாங்க. பாஸ் மார்க்கை இறக்கிக் கொடுங்கன்னு இன்னைக்குத்தான் ஒருத்தர் வந்திருக்கீங்க" என்றார். நேர்மையான மனிதர். உள்ளது உள்ளபடி எழுதிக் கொடுத்தார்: குறைந்தபட்சத் தேர்ச்சி மதிப்பெண் 50, அதற்குரிய கிரேடு 'பி', அதன் பாயின்ட் 6. எதை எடுத்துக்கொள்வது என்பது ஜெர்மனிக்காரர் பாடு. கடிதத்தில் விழுந்த முத்திரை பாதிதான் தெரிந்தது, மீதிப் பாதி தண்ணீர்.

அதற்குள் மற்ற காகிதங்கள். 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்களுக்கு ஏபிஎஸ் என்ற சரிபார்ப்புச் சான்றிதழ் கட்டாயமாகியிருந்தது. நம் சர்டிஃபிகேட்டெல்லாம் அசல்தான் என்று டெல்லியில் அவர்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். பல பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பம் பெர்லினில் உள்ள யூனி அசிஸ்ட் வழியாகப் போக வேண்டும். முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 30. 'ஏன் இந்தப் படிப்பு' என்று ஒரு கட்டுரை. அதில் எல்லா மெக்கானிக்கல் பிள்ளைகளும் சின்ன வயதில் பொம்மைக் காரைப் பிரித்துப் பார்த்தவர்கள். இவள் பிரித்துப் பார்த்தது என் டிரான்சிஸ்டரை. அது அதற்கப்புறம் பாடவில்லை என்ற விவரத்தைக் கட்டுரையில் சேர்க்க வேண்டாம் என்றாள். அப்புறம் பேராசிரியர் பரிந்துரைக் கடிதம். "நீயே எழுதிக் கொண்டா, கையெழுத்துப் போடறேன்" என்பது நம் நாட்டுப் பேராசிரியர்களின் பொதுச் சொத்தான வசனம். தன்னைப் பற்றித் தானே 'என் பணிக்காலத்தில் இப்படியொரு மாணவியைக் கண்டதில்லை' என்று எழுதும்போது அந்தப் பெண் கூச்சத்தில் நெளிந்ததை நான் பார்த்தேன். அண்ணன் தமிழாசிரியர் என்பதால் இன்னும் இரண்டு அடைமொழி சேர்க்கச் சொன்னார்.

அரியர் விஷயம் தனி. எம் டூ என்ற இரண்டாம் செமஸ்டர் கணக்கில் அவளுக்கு ஒரு அரியர் விழுந்து, அடுத்த முறையே எழுதித் தேறிவிட்டாள். நம் ஊரில் இதற்கு 'ஹிஸ்டரி ஆஃப் அரியர்ஸ்' என்று பெயர். கையில் நிற்கும் அரியர் வேறு, சரித்திரத்தில் இருக்கும் அரியர் வேறு. 2020ல் கொரோனா சமயத்தில், ஃபீஸ் கட்டியிருந்தால் போதும், அரியர் பாஸ் என்று அரசு அறிவித்தபோது முதல்வருக்கு மாணவர்கள் பேனர் வைத்தார்கள். பிறகு உயர் நீதிமன்றம் பரீட்சை வைக்காமல் பாஸ் போட முடியாது என்றது. சினிமா நடிகர் இல்லாமல் கல்லூரி மாணவர்கள் பேனர் வைத்ததை நான் பார்த்தது அப்போதுதான்.

ஜெர்மனியை மட்டும் நம்பக் கூடாது என்று அண்ணி எங்களை ஒரு கன்சல்டன்சிக்கும் அனுப்பினார். ஏசி அறை, சுவரில் உலக மணி காட்டும் நான்கு கடிகாரங்கள், அவற்றில் மூன்று ஓடவில்லை. டை கட்டிய தம்பி மார்க் ஷீட்டைத் திறக்காமலே "ப்ரொஃபைல் ஸ்ட்ராங்கா இருக்கு சார்" என்றார். எங்களுக்கு முன்னால் வந்தவரிடமும் அதைத்தான் சொன்னார். அமெரிக்கா என்றால் நான்குக்கு மூன்று வேண்டும் என்றார். பிரிட்டன் என்றால் '2:1' என்றார். அண்ணன் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அங்கே 70 வாங்கினாலே ஃபர்ஸ்ட் கிளாஸ். 60லிருந்து 69 வரை வாங்கினால் இரண்டாம் வகுப்பின் மேல்தட்டு, அதுதான் 2:1. 50லிருந்து 59 வரை கீழ்த்தட்டு, 2:2. தென்னாப்பிரிக்கப் பேராயர் டெஸ்மண்ட் டூட்டூவின் பெயர் காதில் 'டூ டூ' என்று விழுவதால் அந்த 2:2க்கு அங்கே மாணவர்கள் வைத்த பட்டப்பெயர் 'டெஸ்மண்ட்'. நோபல் பரிசு வாங்கிய ஒரு பெரிய மனிதரின் பெயர் கடைசியில் சுமாராகத் தேறியவர்களுக்குப் பயன்படுகிறது. எழுபதுக்கே முதல் வகுப்பு என்பதைக் கேட்டதும் அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். தமிழ்த் துறையில் தாள் திருத்தியவர்களெல்லாம் இங்கிலாந்தில் இருந்திருக்க வேண்டியவர்கள் என்று அப்போது அவருக்குத் தோன்றியிருக்கும். எனக்கும் தோன்றியது. பிரிட்டன் ஃபீஸைக் கேட்டதும் இரண்டு பேருக்கும் தோன்றியது மறந்துபோய் எழுந்து வந்துவிட்டோம்.

ஒரு நாள் காலையில் அவள் போன் செய்தாள். ஜெர்மனியிலிருந்து வந்த தாளில் அவள் மார்க் 2.5 என்று இருக்கிறதாம்.

"ஆறு பாயின்டை எடுத்தாங்களா, அஞ்சை எடுத்தாங்களா?"

"ஆறுதான் சித்தப்பா. 2.575."

"அப்போ 2.6 இல்ல வரணும்?"

"புள்ளிக்கப்புறம் ஒரு நம்பர்தான் பார்ப்பாங்களாம். மீதியை வெட்டிடுவாங்க. ரவுண்ட் ஆஃப் பண்ண மாட்டாங்களாம்."

போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். முழு எண்ணாக்காமல். முப்பது வருஷத்துக்கு முன்னால் என்னைக் கீழே தள்ளிய அதே கறார்த்தனம், அவர்கள் ஊரில் மார்க் தலைகீழாக ஓடுவதால், இவளைத் தூக்கி உள்ளே விட்டிருக்கிறது. நல்ல மனதோடு யாராவது பெருந்தன்மையாக 2.575ஐ 2.6 ஆக்கியிருந்தால் பெண் வீட்டில்தான் இருந்திருப்பாள். நானும் 54.8ஐத் தலைகீழாக எண்ணும் ஊரில் பிறந்திருக்கலாம். அந்த ஊரில் 54.8 வாங்கியவர் என்ன ஆகியிருப்பார் என்று யோசித்து, அது வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

பணம் கட்டும் விஷயத்திலும் அவர்கள் முழு எண்ணைத் தொடுவதில்லை. ஒரு வருஷச் செலவுக்கு வங்கியில் முடக்கி வைக்க வேண்டிய தொகை 2023ல் 11,208 யூரோ. அண்ணன் தன் ஓய்வுக்காலப் பணத்திலிருந்து எடுத்துக் கட்டினார். கடைசி எட்டு யூரோவை விட்டுவிட மாட்டார்களா என்று வங்கியில் கேட்டுப் பார்த்தார். மாட்டார்களாம். அடுத்த வருஷமே அந்தத் தொகை 11,904 ஆனது. அன்று அண்ணன் என்னைக் கூப்பிட்டு, "தப்பிச்சோம்டா" என்றார். 'தப்பிச்சோம்' என்று என்னையும் சேர்த்துச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

பெண் விமானம் ஏறிய பிறகு வீட்டில் புதுத் தொல்லை. எவ்வளவு மார்க்கில் சீட் கிடைத்தது என்று யார் கேட்டாலும் அம்மா பெருமையாக "ரெண்டரை" என்றார். கேட்டவர்கள் அண்ணன் முகத்தைப் பார்ப்பார்கள். அண்ணன் உடனே பவேரியன் ஃபார்முலாவை ஆரம்பிப்பார். அவர் கழித்தலை முடித்து வகுத்தலுக்கு வருவதற்குள் அவர்கள் காபியை முடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். தூரத்துச் சொந்தத்தில் ஒரு அத்தை கல்யாண வீட்டில் என் மனைவியைத் தனியே கூப்பிட்டு, "ரெண்டரை மார்க்குக்கு ஜெர்மனியில சீட்டுன்னா என்ன கொடுத்தாங்க?" என்று கேட்டார். எங்கள் சாதி சனத்தில் மூன்று குடும்பங்கள், டொனேஷன் எவ்வளவு என்று விசாரித்துவிட்டன. ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் ஃபீஸே இல்லை, பாடன் வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய யூனியனுக்கு வெளியே இருந்து வருபவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ உண்டு என்றெல்லாம் நான் சொன்னதை யாரும் நம்பவில்லை. ரெண்டரை மார்க்குக்கு ஓசியிலா சீட் கொடுப்பார்கள்?

இதற்கெல்லாம் அசராமல் அண்ணன் ஒரு பாடம் கற்றுக்கொண்டார். அவருடைய பையன் 2024ல் ப்ளஸ் டூ முடித்தான். கட் ஆஃப் இருநூற்றுக்கு 185. கவுன்சலிங்குக்கு முன்னால் சில தன்னாட்சிக் கல்லூரிகளையும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களையும் நேரில் பார்த்துவிட்டு வரலாம் என்று என்னையும் காரில் ஏற்றிக்கொண்டார். கையில் ஒரு டைரி. அதில் கல்லூரிப் பெயருக்கு எதிரே இரண்டே கட்டங்கள் போட்டிருந்தார்: உச்சம், பாஸ்.

முதல் கல்லூரியில் முதல்வரே வரவேற்றார். கண்ணாடிப் பெட்டிக்குள் கோப்பைகள், கலர் பிரோஷர், சூடாகக் காபி. பிளேஸ்மென்ட் விவரங்களைச் சொல்லிவிட்டு, "கேளுங்க சார், என்ன தெரியணும்?" என்றார்.

அண்ணன் டைரியைத் திறந்து பேனா மூடியைக் கழற்றினார்.

"உங்க காலேஜ்ல பாஸ் மார்க் எவ்வளவு சார்?"

முதல்வர் அண்ணனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கடைசியில், 185 கட் ஆஃப் வாங்கிவிட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த பையனை இரக்கத்தோடு பார்த்தார். எழுந்து வந்து அவன் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

"நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க சார். இதைவிட மோசமான பிள்ளைகளையெல்லாம் நாங்க பாஸ் பண்ண வெச்சிருக்கோம். சாயங்காலம் ஸ்பெஷல் கோச்சிங் கிளாஸ் இருக்கு" என்று சொல்லி, அதற்கான ஃபீஸ் விவரத் தாளை அண்ணன் கையில் கொடுத்தார்.